பட்டியலில் இல்லாத வேலை

லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடையில் எனக்கு வேலை கிடைத்தபோது வயது இருபத்து நான்கு. எங்கள் ஊர் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பஸ், பிறகு தீவுக்கு ஃபெரி. நியமனக் கடிதம் கிடையாது. மாதக் கடைசியில் முதலாளி ஓர் உறையைக் கொடுப்பார், அவ்வளவுதான்.

அங்கே சேலை விரித்துக் காட்டும் வேலையில் ஒருவர் இருந்தார். தமிழ்நாட்டிலிருந்து, சுற்றிப் பார்க்கத் தரும் விசிட் பாஸில் வந்து, அது முடிந்த பிறகும் ஐந்து வருடமாகத் தங்கிவிட்டவர். கடையில் எல்லோரும் அவரை அண்ணே என்றார்கள். நான் மட்டும் எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. பக்கத்தில் போய் நின்று பேச ஆரம்பிப்பேன்.

மதியம் பின்கட்டில் சேர்ந்து சாப்பிடுவோம். என் மிளகாய்ச் சம்பலை, "இது ஊறுகாயா, குழம்பா?" என்று கேட்டுக்கொண்டே முழுவதையும் தின்பார். இமிகிரேஷன் ஆபீசர்கள் வருவதாகப் பேச்சு அடிபட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து மாடிக்குப் போய்விடுவார். நான் அவருடைய தட்டை மூடி வைத்துக் காத்திருப்பேன்.

அந்த வருடம், பாஸ் இல்லாதவர்களை முதலாளிகளே பதிந்து சட்டப்படி வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"அவரு பேரக் கம்ப்யூட்டர்ல நீயே போட்டு விடும்மா. உன் பேரையும் இ.பி.எஃப்., சொக்சோ இன்சூரன்ஸ் எல்லாத்துலயும் ஏத்திடு. ஒளிஞ்சு மறைஞ்சு ஆள் வச்சது போதும்லா."

என் பெயர் பத்து நிமிடத்தில் ஏறியது. அவருடையது ஏறவில்லை. பதியக்கூடிய தொழில்களின் பட்டியலில் தோட்டம், கட்டுமானம், தொழிற்சாலை இருந்தன, துணிக்கடை இல்லை. மூன்று முறை மேலிருந்து கீழே பார்த்தேன். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"இல்லீங்களா?"

"இல்ல."

அவர் ஏதாவது தோட்டத்துக்கு மாறலாம், அல்லது அபராதம் கட்டி ஊருக்குப் போகலாம். முதலாளிக்குத் தெரிந்த பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தது. மறுநாள் அவர் கேட்டார், "தோட்டத்துக்கே போயிடவா? நீங்க என்ன சொல்றீங்க?"

இருங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், ஏன் சொன்னேன் என்று அவருக்குத் தெரிந்துவிடுமே. "அஞ்சு வருசமா அம்மாவப் பாக்கலல்ல, போய்ட்டு வாங்க," என்றேன். சரி என்று தலையாட்டினார். அடுத்த மாதம் அபராதம் கட்டி ஊருக்குப் போய்விட்டார்.

எனக்குச் சம்பளச் சீட்டு வந்தது, காய்ச்சலுக்கு லீவு வந்தது. படியில் விழுந்து கை முறிந்தபோது சொக்சோதான் பார்த்துக்கொண்டது. அந்தப் பதிவை நான் குறை சொல்ல மாட்டேன்.

சில வருடங்கள் கழித்து, துணிக்கடைகளும் வெளிநாட்டு ஆட்களை எடுக்கலாம் என்று அனுமதி வந்தது. முதலாளி சொல்லும் முன்பே நான் தமிழ்நாட்டில் இருந்த அவருக்குப் போன் செய்தேன்.

"இப்ப நம்ம கடைக்கும் பெர்மிட் தர்றாங்க. வர்றீங்களா?"

பின்னால் குழந்தை அழுதது. "இங்கயே ஒரு கடையில சேந்துட்டேங்க," என்றார். பிறகு, "அப்பவே அங்கயே இருந்திருக்கலாம்," என்றார். குழந்தையைத் தூக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் அதை வேலையை நினைத்துச் சொன்னாரா, என்னை நினைத்துச் சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.