மாமனார் கத்திக்கு எத்தனை டிகிரி?

கத்தி ஒழுங்காக வெட்டும் வரை யாருக்கும் சாணைக்காரன் ஞாபகம் வராது. விரலை வெட்டிவிட்டால் மட்டும் அவன் கடை எங்கே என்று விசாரித்துக்கொண்டு வருவார்கள். கல்லோடு காலம் தள்ளும் சகபாவிகளுக்கு இது தெரிந்த கதைதான்.

திருமழிசைப் பட்டறை ஒன்றில் வெட்டுளிகளுக்குச் சாணை பிடித்தவன் நான். அங்கே விளிம்பின் கோணம் எத்தனை டிகிரி என்பதை டிராயிங் சொல்லிவிடும். கரையான்சாவடியில் சொந்தக் கடை போட்ட பிறகு நானே முடிவு செய்ய வேண்டியதாயிற்று. கத்தியைக் கல்லில் படுக்க வைத்துத் தேய்த்தால் விளிம்பு மெலிந்து சவரக் கத்தி மாதிரி ஆகும், சீக்கிரம் உடையும். கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தால் மொத்தையாக இருக்கும், ஆனால் உழைக்கும். என்ன வேலைக்கு என்று கேட்டுவிட்டுத் தேய்ப்பதுதான் முறை. எனக்கோ எல்லாவற்றையும் மெல்லிசாக்கி அசத்த வேண்டும் என்று கை அரிக்கும்.

மணியின் பார்சல்

பூந்தமல்லி ஜவுளிக்கடையில் பார்சல் பிரிக்கிற மணி ஒரு மடக்குக் கத்தி கொண்டுவந்தான். நான் பதினைந்து டிகிரி வைத்து, பேப்பரை நாடா நாடாவாகச் சீவிக் காட்டினேன். வாயைப் பிளந்துகொண்டு போனான். மறுநாள் காலையிலேயே திரும்பி வந்துவிட்டான். கத்தி டேப்பை அறுத்து, அட்டையை அறுத்து, உள்ளே மடித்திருந்த நாலு புடவையையும் அதே வீச்சில் அறுத்துவிட்டதாம். முதலாளி கடித்துக் குதறியிருக்கிறார். ஆனாலும் பையன் என்மேல் கோபப்படவில்லை, கத்தியை மரியாதையாக மேஜையில் வைத்தான்.

"அண்ணாத்தே, அட்டைய மட்டும் அறுக்கிற மாதிரி பண்ணிக் குடு. உள்ள கீற பொடவைங்கள உட்டுடணும்."

கோயிலுக்குப் போன நேரம்

இதிலிருந்து எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அடுத்த வாரம் ஐ.டி.யில் வேலை பார்க்கும் பிரகாஷ் வியர்க்க விறுவிறுக்க வந்தார். பக்கத்து அடுக்குமாடிக்காரர். கையில் மாமனாரின் மடக்குக் கத்தி. விருதுநகரிலிருந்து வந்து ஒரு மாதமாக மகள் வீட்டில் தங்கியிருக்கும் மனிதர், அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாராம். அவர் திருவேற்காடு கோயிலுக்குப் போன நேரம் பார்த்து மாப்பிள்ளை அதை எடுத்து சுவிட்ச் போர்டு திருகாணியைத் திருகியிருக்கிறார். விளிம்பில் அரிசி அளவுக்கு இரண்டு இடத்தில் பல் விழுந்திருந்தது.

"ஸ்க்ரூடிரைவர் வாங்க வக்கில்லாத மாப்பிள்ளை" என்று ஆயுசுக்கும் பேச்சு கேட்க வேண்டும், சாயங்காலத்துக்குள் பழையபடி ஆக்கிக் கொடுங்கள் என்று கெஞ்சினார். பாவமாகத்தான் இருந்தது. விளிம்பில் மார்க்கர் மை பூசி, கல்லில் லேசாக ஒரு இழுப்பு இழுத்தேன். மை எங்கே அழிகிறது என்று பார்த்தால் பழைய கோணம் தெரிந்துவிடும். ஒவ்வொரு பக்கமும் இருபத்தைந்து டிகிரி. பனங்கிழங்கைக்கூடக் கெஞ்சித்தான் வெட்ட வேண்டும்.

எப்படியும் பல் போகத் தேய்க்கத்தானே போகிறோம், அதே இருபத்தைந்தை எதற்கு வைப்பது என்று பதினேழுக்கு இறக்கிவிட்டேன். பிரகாஷ் முன்கை முடியைச் சிரைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

"அண்ணே, மாமாவுக்கு வித்தியாசமே தெரியாது."

கட்டை விரல்

மூன்றாம் நாள் ஒரு பெரியவர் வந்தார். வலது கட்டை விரலில் பெரிய கட்டு. அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தது நான் பதினேழுக்கு இறக்கிய அதே கத்தி.

அவர் கொய்யாப்பழத்தை இடது கையில் பிடித்து, கத்தி பிடித்த கையின் கட்டை விரலை நோக்கி அதை இழுத்து நறுக்குகிறவர். நாற்பது வருஷமாகக் கத்தி பழத்தைத் தாண்டி வந்து விரலில் பட்டு நின்றுகொள்ளுமாம். நேற்று நிற்கவில்லை. அதைச் சொன்னால் மானம் போகும் என்று, குளியலறைக் கதவில் நசுங்கியதாக வீட்டில் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியவே கூடாது, கொஞ்சம் மழுக்கிக் கொடுங்கள் என்றார்.

குற்ற உணர்ச்சியில் நான் அவசரப்பட்டுவிட்டேன். "கவலைப்படாதீங்கய்யா, பழைய இருபத்தஞ்சுக்கே வச்சுடறேன்" என்றேன். ஒரு தடவை அளந்த கோணத்தை மறக்க மாட்டேன் என்ற கர்வம் வேறு. பெரியவர் என்னையே பார்த்தார். இந்தக் கத்தியை முன்பே தொட்டிருக்காவிட்டால் பழைய கணக்கு எனக்கு எப்படித் தெரியும்? பிரகாஷின் மானத்தை நானே கப்பலேற்றிவிட்டேன். அவர் விரலில் இருந்த கட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"கட்டுப் போடறப்ப மாப்ள ஏன் எம் மொகத்தையே பாக்கலன்னு இப்பத்தான் புரியுது. கதவுல நசுங்குனதாவே இருக்கட்டும் தம்பி, அவருகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லிக்கிடாதீக."

அன்றிலிருந்து யார் மடக்குக் கத்தி கொண்டுவந்தாலும் முதலில் கட்டை விரலைக் காட்டச் சொல்லிவிட்டு, டிகிரியைக் கல்லுக்கு மட்டும் சொல்லி, வாயை மூடிக்கொண்டு தேய்க்கிறேன்.