சுவரில் ஒட்டிய நட்சத்திரங்கள்

டிசம்பர் விடுமுறையில், அதுவும் விடாத மழையில், இரண்டு பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்து மேய்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பஜாருக்குப் போய் ஒரு கிறிஸ்துமஸ் ஸ்டிக்கர் புத்தகம் வாங்கி வந்தேன். நட்சத்திரம், மணி, பனிமனிதன் என்று உரித்து உரித்துப் படங்களில் ஒட்ட வேண்டும். விடுமுறை முழுக்கத் தாங்கும் என்று நம்பினேன். மழை விடுவதற்குள் புத்தகத்தில் ஒட்ட இடம் தீர்ந்துவிட்டது. பனிமனிதன் கொழுக்கட்டையால் செய்யப்பட்டவன் என்று என் நாலு வயது மகன் கடைசிவரை சாதித்தான்.

மீதமிருந்த ஸ்டிக்கர்களை மகள் படுக்கையறைச் சுவரில் ஒட்டியிருந்தாள். வாடகை வீட்டுச் சுவர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், கண்ட இடத்தில் ஒட்டவில்லை. கூரை மூலையிலிருந்து பிள்ளைகளின் கட்டில்வரை சரிந்து இறங்கிய விரிசலின் குறுக்கே, தையல் போட்டமாதிரி வரிசையாக ஒட்டியிருந்தாள்.

"சுவத்துக்கு அடிபட்டிருக்கும்மா. பேண்டேஜ் போட்டிருக்கேன்" என்றாள்.

மழை தொடங்கிய சமயத்தில் வந்த சின்ன நிலநடுக்கத்துக்குப் பிறகு தோன்றிய விரிசல் அது. இந்தத் தீவில், பத்துபஸ்தி என்ற பகுதியில், எங்கள் வீடு மேட்டை வெட்டிக் கட்டியது. வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "குச் நஹி ஹோகா, ஒண்ணும் ஆகாது, மேலாப்ல பூச்சுதான் விட்டிருக்கு" என்று சிரித்தார். என் கணவரும் அதையே சொன்னார். அவர் அரசாங்கக் கட்டடங்களைப் பார்க்கும் இன்ஜினியர். ஊரில் எந்தச் சுவர் விரிசல் விட்டாலும் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒட்டிவிட்டு வருவார். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். சொந்த வீட்டுச் சுவரை நிமிர்ந்து பார்க்கத்தான் நேரமில்லை.

சில நாள் கழித்து, காலையில் போர்வை மடிக்கும்போது நட்சத்திரம் ஒன்று நடுவில் கிழிந்திருப்பதைப் பார்த்தேன். மகன்தான் நோண்டியிருப்பான் என்று அதட்டினேன். அவன் அழுதான். அவனுக்கு எட்டாத உயரத்தில் மணியும் கிழிந்திருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

மகள் அதன்மேல் புதிதாக ஒன்று ஒட்டினாள். மறுநாள் அதுவும் கிழிந்தது.

கணவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினேன். முதலில் சிரித்தார். பிறகு கிழிந்த காகிதத்தின் இரண்டு விளிம்புகளையும் விரலால் தடவிப் பார்த்தார். சாவியை விரிசலுக்குள் விட்டார், அது பாதிவரை உள்ளே போனது. சிரிப்பு நின்றது.

"கட்டிலை ஹாலுக்கு எடு. புள்ளைங்கள இந்த ரூமுக்குள்ள விடாத" என்றார்.

அந்த மாதமே வேறு வீடு மாறினோம். ஏன் என்று வீட்டுக்காரரிடம் விளக்கிச் சொல்லி, சுவரை இடித்துக் கட்டாமல் யாரையும் குடிவைக்காதீர்கள் என்று என் கணவர் கெஞ்சாத குறையாகச் சொன்னார். வீட்டுக்காரரும் சரி சரி என்று தலையாட்டினார். நானும் நம்பித் தொலைத்தேன்.

விட்டுவந்த தண்ணீர் டிரம்மை எடுக்க ஒருநாள் போனபோது கதவைத் திறந்தது ஒரு இளம்பெண். கைக்குழந்தை வைத்திருந்தாள். மதுரைப் பக்கமாம், போன கப்பலில்தான் வந்தார்களாம். புருஷன் காண்ட்ராக்டரிடம் வேலை. உள்ளே கூப்பிட்டாள். படுக்கையறைச் சுவர் வழவழவென்று பூசி, இளம்பச்சை அடித்திருந்தது. அதை ஒட்டியே கட்டில். குழந்தையை அதில் கிடத்தினாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். விரிசல், நகரும் சுவர், உள்ளே போன சாவி, ஒன்று விடவில்லை. அவள் முழுசாகக் கேட்டாள். புருஷன் வேலை முடிந்து வந்ததும் சொல்கிறேன் என்றாள்.

"இப்பதானக்கா சாமானெல்லாம் எறக்கினோம். இந்த ஊர்ல எங்களுக்கு யாரைத் தெரியும், ஒடனே எங்க போறது?"

பிறகு, வந்தவள் மனம் நோகக்கூடாது என்பதுபோல, கட்டிலைப் பிடித்துச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டாள்.