சித்திக்கு மூன்று பிள்ளைகள்

எங்கள் தெருவில் அவருக்கு எடை அக்கா என்று பெயர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சென்ட்ரலில் ரயிலேறி அம்பத்தூரில் இறங்கி, மேனாம்பேடு வரைக்கும் வெயிலில் நடந்தே வருவார். தோளில் ஒரு காக்கிப் பை தொங்கும். அதற்குள் முள் காட்டும் வட்டத் தராசு ஒன்றும், கால் விடுவதற்கு இரண்டு ஓட்டை வைத்துத் தைத்த நீலத் துணி ஒன்றும் இருக்கும். கர்ப்பிணிகளுக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் என்ன ஆகிறது, எந்தப் பிள்ளை தேறுகிறது, எது தேறுவதில்லை, ஏன் என்று வீடு வீடாகக் கேட்டு ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். பெரியவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு குழந்தைகளைத் தராசில் தொங்கவிடுகிறார்கள் என்ற அளவில் எனக்கு அது புரிந்தது. நானும் பெரியவளானதும் அந்த வேலைக்கே போவது என்று முடிவு செய்திருந்தேன்.

அக்கா எல்லா வீட்டுக்குள்ளும் போனார், எங்கள் சித்தி வீட்டைத் தவிர. சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவளுக்குக் குழந்தை பிறந்து சில மாதம் ஆகியிருந்தது. பிறக்கும்போது பாப்பா மிகவும் சின்னதாக இருந்ததாம். அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலை ஒன்றில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா, கம்பெனி கேட்டில் நின்று கோஷம் போட்டால் தொண்டை கட்டுகிற வரைக்கும் போடுவார். எதற்கும் பயப்படாதவர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் எடை அக்கா தெருமுனையில் திரும்பினால் போதும், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிடுவார். அந்தப் பாப்பாவின் கன்னத்தில் அவர் வைக்கிற மைப்பொட்டு, எங்கள் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் பாதி இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரால் கதவைச் சாத்த முடியவில்லை. எடை அக்கா வந்தபோது சித்தியே வாசலில் உட்கார்ந்து பாப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வாங்க என்று அவளே கூப்பிட்டுவிட்டாள். சித்தப்பா பனியனோடு ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"எடை போட்டா புள்ள எளச்சிடும்மா. வேணாம். வேற ஊடு பாருங்க."

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. பிள்ளையை நான் தொடக்கூட மாட்டேன், பெற்றவளே தூக்கி வைக்கட்டும் என்றார். சின்னதாகப் பிறந்த பிள்ளை எப்படித் தேறுகிறது என்று பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வருகிறேன் என்றும் சொன்னார். சித்தி சித்தப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைச் சொறிந்தார், வாசலைப் பார்த்தார். அங்கே வாயில் விரலை வைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

"மொதல்ல இதுக்குப் போடுங்க. இன்னா ஆவுதுன்னு பாக்குறேன்" என்றார்.

எனக்குப் பின்னால் வந்து நின்ற எங்கள் அம்மாவுக்குச் சுருக்கென்றது. என் பெண் இளைத்தால் பரவாயில்லையா என்று கேட்டாள். இதுக்கு மேல எளைக்க அதுகிட்ட இன்னா கீது அண்ணி என்று சித்தப்பா பதில் சொன்னார். அம்மாவே சிரித்துவிட்டாள்.

தூளி கட்டும் கொக்கியில் தராசை மாட்டினார்கள். நீலத் துணிக்குள் என் கால்களை நுழைத்துத் தூக்கி விட்டார்கள். தரை கீழே போனது. நான் தொங்கினேன், சுழன்றேன், காலை உதைத்துக்கொண்டு கத்தினேன். அந்தச் சத்தத்துக்குத் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடிவந்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் என் தம்பி தொங்கினான். தம்பிக்குப் பின்னால் எதிர் வீட்டுப் பையன், அவன் கக்கத்தில் இருந்த கோழி. கோழி ஆராய்ச்சியில் சேராது என்று அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சித்தப்பா ஒவ்வொருவரையும் இறக்கிவிட்டுக் கையையும் காலையும் தடவிப் பார்த்தார். கோழியைக்கூட விடவில்லை. யாரும் இளைத்ததாகத் தெரியவில்லை.

கடைசியில் சித்தி பாப்பாவைத் துணிக்குள் வைத்தாள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். சித்தப்பா கண்ணையும் மூடிக்கொண்டார். பாப்பா மட்டும் அண்ணாந்து தராசைப் பார்த்துச் சிரித்தது. முள் ஆடி ஆடி நின்றது. அக்கா குனிந்து பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார்.

"நல்லா ஏறியிருக்கு அண்ணே. இந்த வயசுல பிள்ளை இருக்கவேண்டிய எடை வந்தாச்சு. தாய்ப்பாலை மட்டும் நிறுத்திராதீங்க."

சித்தப்பா கண்ணைத் திறந்து, நிஜமாவா என்று கேட்டார். அக்கா அவரையே முள்ளைப் பார்க்கச் சொன்னார். பார்த்தார். பிறகு செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனார். திரும்பி வரும்போது கடைக்காரனும் அவருமாக ஆளுக்கொரு மரப்பெட்டி நிறையக் கலர் சோடா தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆரஞ்சு, பன்னீர், திராட்சை. தெருவுக்கே திருவிழா வந்துவிட்டது.

நான் கையில் பாட்டிலோடு சித்தியின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அக்கா அவளிடம் கேட்கவேண்டியதைக் கேட்க ஆரம்பித்தார். மொத்தம் எத்தனை பிள்ளைகள் என்றார்.

"மூணு" என்றாள் சித்தி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பாப்பா, நான், தம்பி. சரியாகத்தான் இருந்தது. சித்தி எங்களையும் தன் பிள்ளைகளாகவே சொல்லிவிட்டாள், அதுவும் ஆராய்ச்சிக்காரர்களிடமே சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அங்கே இருக்க முடியவில்லை. தம்பியையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். இனிமேல் எங்களுக்கு இரண்டு அம்மா என்று ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சொன்னேன்.

நான் ஓடியபிறகு உள்ளே நடந்ததை, எனக்குக் கல்யாணமாகி நான் முதல் முறை உண்டாகியிருந்தபோதுதான் அம்மா சொன்னாள். இந்தப் பாப்பாவுக்கு முன்னால் சித்தி இரண்டு பிள்ளைகள் பெற்றிருக்கிறாள். முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் பிறந்து, அழவே இல்லை. இரண்டாவதை ஆஸ்பத்திரியில் நிறுத்துப் பார்த்து எடை ரொம்பக் கம்மி என்றார்கள், பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. அன்றிலிருந்துதான் சித்தப்பாவுக்குத் தராசைக் கண்டால் ஆகாது. நடந்ததை மறந்துவிடு என்று எல்லோரும் சித்தியிடம் சொன்னார்கள், எங்கள் அம்மா உட்பட. எடை அக்கா அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆணா பெண்ணா, அழுததா, பால் குடித்ததா என்று ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் தனித்தனியாகக் கேட்டாராம். சித்தி அத்தனைக்கும் நிதானமாகப் பதில் சொன்னாளாம். முடித்துவிட்டு, "இந்த ஊட்டுல யாரும் கேட்டதே இல்ல. நீ தாம்மா கேட்டே" என்றாளாம்.

இதெல்லாம் தெரியாமல் நான் தெருவில் குதித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் சித்தி பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எதிர் வீட்டு அத்தை, உன் அக்கா பொண்ணு உன் புள்ளைன்னு சொல்லிகினு திரியுதே என்று அவளைக் கேலி செய்தாள்.

சித்தி என்னைப் பார்த்தாள். ஒரு கையால் என்னை இழுத்து, மூச்சு முட்டுகிற மாதிரி இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஆமா, என் புள்ள தான். இன்னா இப்போ?" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதே அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வந்தது. கலரை வேகமாகக் குடித்து மூக்கில் ஏறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, வாசல்படியில் ஏறி எட்டி அவள் தலையில் தட்டிக்கொடுத்தேன்.