வாசிக்காத மூன்றாம் ஓலை

உபகாரசாமி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது மாதா கோயிலில், பூசை நடுவில். எங்கள் ஜனங்களில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், பெற்றவர்கள் பெயர் எல்லாம் சொல்லி, தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார் சாமியார். அன்றைக்கு வாசித்தது என் தாய்மாமன் ஆரோக்கியசாமியின் மகள் செல்வமேரிக்கு. நான் பேறுகாலம் முடிந்து அப்போதுதான் கோயிலுக்கு வந்திருந்தேன். மாப்பிள்ளை யார் என்று வீட்டுக்குப் போகும் வழியில் என் வீட்டுக்காரர் ஞானதாஸைக் கேட்டேன். எங்கள் குழியில் புது ஃபிட்டர் என்று தினமும் சொல்வேனே, அவன்தான் என்றார்.

குழி என்றது எங்கள் சேலத்திலிருந்து ஓமலூர் போகிற பாதையில் வெள்ளைக்கல் வெட்டுகிற இடம். என் வீட்டுக்காரர் அங்கே லோடு எழுதுகிற வேலை. மண்ணையும் கல்லையும் வாரிக் கொட்ட ஒரு பெரிய மிஷின் வாங்கியிருந்தார்கள். அதை ஓட்டியவர் நாமக்கல் பக்கத்துக் குடியானவர், குழந்தைவேல் என்று பெயர். பழுது பார்த்தவர் உபகாரசாமி. அவர் தொழில் பழகியது திருச்செங்கோட்டுப் பக்கம், கிணற்று ஆயில் என்ஜின்களில். அங்கே எந்தத் திருகை மாட்டினாலும் சணல் சுற்றி வெள்ளை ஈயம் பூசித்தான் முறுக்குவார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் கசியாது. அந்தக் கைப்பழக்கத்தோடு வந்தவர்.

செல்வமேரி அவரைப் பெண் பார்க்க வந்தபோது ஒருமுறை பார்த்தாள். அப்புறம் அந்த ஞாயிறு சாயந்திரம் எங்கள் வீட்டில் காபி கொடுக்கும்போது ஒருமுறை. அவ்வளவுதான். ஆனால் முதல் ஓலை வாசித்த பிறகு அவள் நடையே மாறிப் போயிற்று. தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். தவக்காலம் வந்துவிட்டால் கல்யாணம் கிடையாது. அதற்கு முந்தின திங்களுக்கு நாள் வைத்தாகிவிட்டது. ரவிக்கை தைத்து வந்துவிட்டது.

இரண்டாம் ஓலைக்கு முந்தின வாரம் மிஷின் கொதித்துப் போய், என்ஜினுக்கு மேல்மூடியான ஹெட் வெடித்துவிட்டது. தண்ணீர்ச் சூட்டைக் காட்ட ஓட்டுகிறவர் முன்னால் ஒரு மீட்டர் உண்டு. முள் சிவப்புக்குப் போனால் நிறுத்திவிட வேண்டும். குழந்தைவேல் முள்ளைப் பார்க்காமல் ஓட்டினார் என்று மானேஜர் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் சனிக்கிழமை விசாரணை, அதோடு வேலை போகும் என்று பேச்சு.

அவர் போகும்போது உபகாரசாமியிடம் சொன்னாராம்: "ஏனுங்க, நான் முள்ளத்தான் பாத்துக்கிட்டு இருந்தனுங்க. அது ஏறுனாத்தானுங்க நான் நிறுத்தறது?"

புது ஹெட் வந்தது. உபகாரசாமி மாட்டி ஓட விட்டார். என்ஜின் கையை வைக்க முடியாமல் சுட்டது, முள் மட்டும் அடியிலேயே கிடந்தது. மீட்டர் கெட்டதா என்று பார்க்க, அதற்குப் போகிற ஒயரைக் கழற்றி என்ஜின் இரும்பில் தொட வைத்தார். முள் கடைசி வரைக்கும் பாய்ந்தது. ஆக மீட்டரும் நல்லது, ஒயரும் நல்லது. தண்ணீருக்குள் இருந்து சூட்டைப் பிடிக்கிற ஒரு பித்தளைத் திருகு உண்டு, பல்பு என்பார்கள். அதைக் கழற்றி, டீக்கடை குப்பாயி கொதிக்க வைத்த தண்ணீரில் முக்கி, அதன் உடம்பிலிருந்து மிஷினுக்குத் தனியாக ஒரு ஒயர் போட்டுப் பார்த்தார். முள் ஒழுங்காக ஏறியது. பல்பும் நல்லதுதான். திரும்ப அதன் இடத்தில் மாட்டினால் முள் செத்துவிட்டது.

எல்லாம் நல்லதாக இருந்தால் கெட்டது எது? பிறகு பல்பைக் கழற்றி, தான் சுற்றிய சணலையும் ஈயத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் பித்தளையை இரும்பில் முறுக்கினார். முள் ஏறியது. கரண்ட் திரும்புவதற்கு அந்தப் பித்தளை இரும்பைத் தொட வேண்டும். தொட விடாமல் அடைத்து வைத்திருந்தது அவர் கைதான். வெடித்த பழைய ஹெட்டிலும் அவரே சணல் சுற்றி மாட்டியிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் எங்கள் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னார். காபியைத் தொடவில்லை.

"நாளைக்கு விசாரணைங்க அண்ணா. ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை. இது ரெண்டும் மாறி வந்திருக்கக் கூடாதா?"

என் வீட்டுக்காரர் சொன்னார்: "சணலைச் சுரண்டியாச்சு, முள்ளு ஏறுது. யாருக்குத் தெரியப் போகுது? பேசாம தாலியைக் கட்டு."

"தெரியாதுங்க. அவரு ஊட்டுக்குப் போயி மூணு புள்ளைங்களோட உக்காந்திருப்பாரு. நான் இங்க மாப்பிள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு நிப்பனுங்களா?"

சனிக்கிழமை போய்ச் சொல்லிவிட்டார். குழந்தைவேலுக்கு வேலை நிலைத்தது, உபகாரசாமிக்குப் போயிற்று. அன்றைக்கே என் மாமன் சாமியாரிடம் போய் ஓலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். வேலை இல்லாதவனுக்குப் பெண் கொடுப்பதா என்றார். "ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரியாதவன், எம்பொண்ணை வச்சு என்னத்தைக் காப்பாத்துவான்?" என்று எங்கள் வாசலில் நின்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேறு யார் யார் பெயரோ வாசித்தார்கள். செல்வமேரி என் பக்கத்தில் முட்டி போட்டிருந்தாள். பூசை முடிந்து எல்லாரும் போன பிறகும் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, அவர் செஞ்சது சரிதானே?"

சரிதான் என்றேன்.

"அப்புறம் ஏன் எனக்கு இப்பிடி இருக்குது?"

தவக்காலம் கழிந்து பாஸ்குப் பண்டிகையும் முடிந்ததும் அவளை ஆத்தூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனுஷன்தான், குறை சொல்ல முடியாது.

குழந்தைவேல் சும்மா இருக்கவில்லை. புதுச்சத்திரத்தில் அவர் சொந்தக்காரர்கள் தோட்டங்களில் பம்பு வேலைக்கு உபகாரசாமியை அழைத்துப் போனார். அங்கே சணல் சுற்றுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பெண் பார்த்தார்கள், பலமுறை. பார்க்கலாம் பார்க்கலாம் என்றே காலத்தைத் தள்ளினார்.

வருஷத்துக்கு ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு சேலம் வருவார். எங்கள் வீட்டில் சாப்பிடுவார். கை கழுவிக்கொண்டே, வேறு எங்கோ பார்த்தபடி, "ஆத்தூர்ப் பக்கம் மழை உண்டுங்களா அக்கா?" என்பார். நான் மழையைச் சொல்லி, கிணற்றைச் சொல்லி, அங்கே மகன் பள்ளிக்கூடம் போனதை, மகளுக்கு மாப்பிள்ளை வந்ததை எல்லாம் சொல்வேன். அவள் பெயரை மட்டும் நானும் சொல்ல மாட்டேன், அவரும் கேட்க மாட்டார். தலையாட்டிக் கேட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிடுவார்.

இப்போது செல்வமேரி புருஷனை இழந்து மகனோடு ஆத்தூரில் இருக்கிறாள். உபகாரசாமி புதுச்சத்திரத்தில், குழந்தைவேல் தோட்டத்து மோட்டார் அறையை ஒட்டிய சாய்ப்புக் கொட்டகையில் இருக்கிறார்.