வளையில் தொங்கிய பையும் காலிக் கோட்டையும்

யுத்தம் முடிந்த வருடத்து டிசம்பர் லீவில்தான் நாங்கள் காலிக்குப் போனோம். எங்கள் சாய்ந்தமருதுப் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என் தங்கச்சி மர்ழியா மட்டும் வழமைக்கு மாறாகக் காலிக் கோட்டைக்குள் குடிபோனவள். அவளுடைய மகனுக்கு மூன்று வயது. செக்பொயின்ட்டுகளுக்குப் பயந்து ஒரு தடவையும் போகாததால், பிள்ளையை நான் போட்டோவில்தான் பார்த்திருந்தேன்.

சுபஹ் தொழுதுவிட்டு ஐந்து மணிக்கு ரபீக் காக்காவின் வேனில் ஏறினோம். மூன்று நாளுக்குப் பதினெட்டாயிரம், டீசலும் அவருடையது. மாவடிப்பள்ளி வயல்கள் மழைத்தண்ணீரில் பச்சைப்பசேல் என்று கிடந்தன. அம்பாறையில் தேத்தண்ணி குடித்துவிட்டு சியம்பலாண்டுவையை நெருங்கும்போது என் கணவர் கையை நீட்டினார்.

"ஐடென்டி காட்டை எடுங்க புள்ள. செக்பொயின்ட் வருது."

"என்னட்ட எங்க? நீங்கதானே எடுத்த?"

"யா அல்லாஹ்! பை வளையிலயா இரிக்கி?"

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுனாமியில் எங்கள் காகிதமெல்லாம் போய், அடையாள அட்டை திரும்ப எடுக்க நாய் படாத பாடு பட்டோம். அன்றிலிருந்து எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு, கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். இவர் எடுப்பார் என்று நானும், நான் எடுப்பேன் என்று இவரும் இருந்துவிட்டோம். கணக்கு வாத்தியாராம், மண்ணாங்கட்டி!

அட்டை இல்லாமல் பிடிபட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். திருப்பி அனுப்பினால்கூடப் பரவாயில்லை, இவரை உள்ளே வைத்துவிட்டால்? தங்கச்சி மகனைப் பார்க்கிற ஆசையெல்லாம் பறந்துபோனது. ரோட்டை மறித்து வைத்த பீப்பாய்கள் தெரிந்ததும் வேன் மெதுவானது. நாங்கள் இரண்டு பேரும் பழைய பழக்கத்தில் கதவைத் திறந்து இறங்கி, உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு, பீப்பாய்களுக்கு நடுவே வரிசையில் நடந்தோம்.

"எங்க போறீங்க?" ரபீக் காக்கா வேனுக்குள் இருந்து கத்தினார். "அங்க ஆமி ஒருத்தரும் இல்ல!"

நிமிர்ந்து பார்த்தேன். மண்மூட்டை அரணுக்குள் ஒரு சிங்களப் பெண் பானை வைத்துச் சோளன் அவித்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் வாங்க வந்தவர்கள் என்று நினைத்து இரண்டு பொத்தியை நீட்டினாள். இவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு அழுகை. ஐந்து பொத்தி வாங்கி, முன்பு சனம் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற அதே இடத்தில் நின்று தின்றோம். அப்பாடா! அவ்வளவு ருசியான சோளனை நான் தின்றதே இல்லை.

மொனராகலை, வெல்லவாய, மாத்தறை வழியாக ஏறக்குறைய முந்நூற்றைம்பது கிலோமீட்டர். பின்னேரம் மூன்றரைக்குக் கோட்டை வாசலுக்குள் நுழைந்தோம். ஒல்லாந்தர் காலத்து ஓட்டு வீடுகள், ஒடுங்கிய தெருக்கள், முனையில் வெள்ளை வெளிச்சவீடு, அதன் எதிரே வெள்ளைப் பள்ளிவாசல். தங்கச்சி மகன் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து, "பெரியும்மா" என்று ஒரு குரல் கொடுத்தான். வந்த களைப்பு அதோடு தீர்ந்தது.

பொழுதுபடுகிற நேரம் மதிலில் ஏறி நடந்தோம். கடல் கீழே வந்து மோத, நான் ஓரத்தை விட்டுத் தள்ளி நடந்தேன்.

"உங்கட காகிதமெல்லாம் எங்கடி கட்டியிருக்கிறாய்?" என்று மர்ழியாவிடம் கேட்டேன்.

"கட்டுறதா? அலுமாரிக்குள்ள இரிக்கி, ராத்தா. சுனாமி வரக்குள்ள இந்த மதில்தானே மறிச்ச."

போகிறவர்களுக்கு: விடியமுன் வெளிக்கிடுங்கள், குடை எடுங்கள். மதிலில் நடக்கக் காசு இல்லை, காலையோ பின்னேரமோ நல்லது. அடையாள அட்டையை ஒருவரே பொறுப்பெடுங்கள், எங்களைப் போல முழிக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் வளையிலிருந்து பையை இறக்கினேன். அட்டைகள் இரண்டையும் எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். கதவைச் சாத்தினேன். திரும்ப எடுத்துப் பையில் போட்டு வளையிலேயே கட்டினேன். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே மதில் இல்லை.