வண்டல் ஆடிய ஆட்டம்

இந்த ஊரில் நிலம் ஆடினால் யாரும் தரையைப் பார்ப்பதில்லை. எல்லோரும் அண்ணாந்து, தொங்கும் விளக்கைப் பார்க்கிறார்கள். விளக்கு நின்றதும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறார்கள். ஜப்பானுக்கு வந்த முதல் மாதம் அலுவலகத்தில் நான் மட்டும் மேசைக்கடியில் போய் உட்கார்ந்தேன். வெளியே வந்தபோது ஒருவர் மிக மரியாதையாக எனக்குத் தேநீர் நீட்டினார்.

திருவாரூர்ப் பக்கத்து வயல்காட்டிலிருந்து வந்தவன் நான். கணினி தெரிந்தவர்களை உலகமே கூப்பிட்டுக்கொண்டிருந்த வருஷங்களில், எங்கள் தெருவிலிருந்து முதலில் விமானம் ஏறியவன். அப்பா பிறர் வயலில் உழைத்தே வளர்ந்தவர். நாற்பது வயதுக்கு மேல்தான் சொந்தமாக ஒரு மா நஞ்சை வாங்கினார். வாங்குமுன் ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து உள்ளங்கையில் திரித்துப் பார்த்தார். அறுபடாமல் நூலாக நீண்டது. அன்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பாறையையும் சரளையையும் அவர் நிலம் என்றே ஒப்புக்கொண்டதில்லை.

எனக்கும் வீடு வாங்கும் நாள் வந்தது. பார்த்ததில் இரண்டு தேறின. ஒன்று பாறைக் குன்றின்மேல். எழுபது படி ஏறவேண்டும். மற்றது கீழே, பழைய நெல்வயலைத் தூர்த்துக் கட்டியது. கொல்லையை ஒட்டி வாய்க்கால். தரங்கம்பாடிக்காரியான என் மனைவி மெர்சி மேல்வீடே போதும் என்றாள். எனக்கோ கீழ்வீட்டைக் கண்டதும் தலைகால் புரியவில்லை. வண்டல் மண், வாய்க்கால் ஓரம் என்று போனில் அப்பாவிடம் பீற்றிக்கொண்டும் ஆயிற்று. திங்கட்கிழமை பத்திரத்தில் முத்திரை குத்தவேண்டும். சனிக்கிழமை தரகர் ஓனோவோடு கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனோம்.

கொல்லையில் குந்தி, ஒரு பிடி மண்ணைக் குழாய்த் தண்ணீரில் நனைத்துத் திரித்தேன். நூலாக வந்தது! ஓனோவிடம் காட்டினேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று. "யவரக்காய்" என்றார், மெத்தென்ற மண் என்று அர்த்தம். பிறகு மன்னிப்புக் கேட்கும் "சுமிமாசென்" சொல்லிக் குனிந்தார். இவ்வளவு நல்ல மண்ணை வைத்துக்கொண்டு இப்படி ஓர் அடக்கமா என்று பூரித்து, நான் அவரைவிடத் தாழக் குனிந்தேன். அவர் இன்னும் தாழ்ந்தார்.

"நாம என்ன இங்க நாத்தா நடப்போறோம்?" என்றாள் மெர்சி.

அவள் வாய் மூடவில்லை, ஆடத் தொடங்கிவிட்டது. முதலில் ஓர் உதை. பிறகு, திருவாரூர்த் தேர் தெருமுனையில் திரும்பும்போது அசைவதுபோல் வீடு அசைந்தது. மெர்சி என் சட்டையைப் பிடித்தாள், நான் ஓனோவைப் பிடித்தேன், ஓனோ துணி காயப்போடும் கம்பத்தைப் பிடித்தார். வாய்க்கால் தண்ணீர் கரையேறி எங்கள் காலை நனைத்தது. நின்றது என்று நினைத்தபோதெல்லாம் மறுபடி ஆடியது. பயத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அடங்கியதும், குன்றின்மேல் குடியிருக்கும் அலுவலக நண்பனைப் போனில் கூப்பிட்டேன். ஒரே ஒரு குலுக்கல், கையிலிருந்த காபிகூடச் சிந்தவில்லை என்றான். இத்தனைக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

ஓனோ எங்களைப் பக்கத்துக் கடைக்கு அழைத்துப்போய், ஒரு தட்டில் டோஃபு என்கிற மெத்தென்ற சோயாக் கட்டியை வாங்கி வைத்து, மேசையை ஒரு தட்டுத் தட்டினார். தட்டு அதிர்ந்து நின்றுவிட்டது. டோஃபு ஆடிக்கொண்டே இருந்தது. தட்டைக் காட்டிக் குன்றைக் காட்டினார். டோஃபுவைக் காட்டி வாய்க்காலைக் காட்டினார். ஆழத்திலிருந்து வரும் அதிர்வைப் பாறை அதிகம் பெரிதாக்காமல் அனுப்பிவிடும். ஈர மண் அதை வாங்கி, பெருக்கி, நெடுநேரம் வைத்திருக்கும். கொல்லையில் அவர் குனிந்தது அடக்கமல்ல, அசல் மன்னிப்பு. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. மெர்சி டோஃபுவைத் தின்றாள்.

மேல்வீட்டுக்குத்தான் முத்திரை குத்தினோம். அப்பாவிடம் சொல்ல மூன்று நாள் தள்ளிப்போட்டேன்.

"மண்ணத் திரிச்சுப் பாத்தியா தம்பி?" என்றார்.

"நூலாத்தாம்பா வந்துச்சு. அதனாலதான் வேணாம்னுட்டேன். இப்ப வாங்குனது பாறை."

டோஃபு கதையைச் சொன்னேன்.

"ரெண்டு பேரும் பயமில்லாம தூங்குவீங்கல்ல? அது போதும்" என்றார். போனை வைத்துவிட்டு அழுதேன்.

பிறகு ஓனோவிடம் கேட்டு, கீழ்வீட்டுக் கொல்லை மண்ணை முக்கால் வாளி எழுபது படி தூக்கிவந்தேன். பால்கனியில் அந்த வாளியிலேயே தண்ணீர் கட்டிப் பத்து நாற்று நட்டிருக்கிறேன். நேற்றுக் காலை மறுபடி ஆடியது. ஒரே குலுக்கலில் வீடு நின்றுவிட்டது. மெர்சி அண்ணாந்து விளக்கைப் பார்த்தாள். நான் வாளியைப் பார்த்தேன். விளக்கு நின்றபிறகும் வாளித் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. அது அடங்கும்வரை நான் நகரவில்லை.