கொளஞ்சி கேட்ட நாலு கேள்வி

பினாங்கில் என் மகளுக்குக் கருத்தடை மாத்திரை எழுதுமுன் டாக்டர் நாலு கேள்வி கேட்டார். அவை என் அம்மா கொளஞ்சியம்மாளின் கேள்விகள்.

அரியலூர்ப் பக்கம் குன்னத்தில் வெங்காயக் காட்டுக் கூலி அவள். 1944இல் ஐந்தாவதாக நான் பிறந்த மூன்றாம் நாள், அவள் இடது கால் வீங்கிக் கண் இருட்டியது. மாட்டுவண்டியில் அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

லேடி டாக்டர் கேட்டார்: முன்பும் கால் வீங்கியதா? தலைவலியோடு கண் மங்குமா? நெஞ்சு படபடக்குமா? பிறந்த வீட்டில் யாருக்காவது பக்கவாதமா? நாலுக்கும் அம்மா ‘ஆமாங்க’ என்றாள். இன்னொரு பிள்ளை பெற்றால் உயிருக்கு ஆபத்து, பிள்ளை பிறக்காமலிருக்க யார் எந்த மருந்து கொடுத்தாலும் குடிக்காதே என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் மருந்து தயாராக இருந்தது. பிள்ளை போதுமென்றால் எங்கள் வீட்டு மருமகள்கள் மூவரும் ஒரே சட்டிக் கஷாயத்தைக் குடிக்க வேண்டும். ஒருத்தி விட்டால் மற்றவர்களுக்கும் பலிக்காதாம். ஓர்ப்படிகள் இருவரும் குடித்து முடித்திருந்தார்கள்.

“அவளுவ ரெண்டு பேரும் கல்லாட்டம் நிக்கலியா? ஒனக்கு மட்டும் என்னடி சீமை ஒடம்பு?” என்றாள் மாமியார் பாப்பாயி.

“வீங்குனது அவங்க காலு இல்லீங்க அத்தை, எங்காலு.” அம்மா, கஷாயம் காய்ச்சிக் கொண்டுவந்திருந்த வைத்தியர் அங்கமுத்துவிடம் திரும்பினாள். “காய்ச்சறதுக்கு முன்ன எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? எங்கப்பன் கை கால் இழுத்துக் கெடந்தது தெரியுமா?”

“நாப்பது வருசமாக் காய்ச்சறேன். ஒருத்தியும் வந்து கொறை சொன்னதில்ல.”

“செத்தவ எப்புடி வந்து சொல்லுவா?”

கஷாயத்தை முருங்கை மரத்தடியில் கொட்டினாள். பாப்பாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்பா செல்லக்கண்ணு வாய் திறந்தார். “அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?”

“ஒனக்குக் கால் வீங்குச்சா?”

“இல்ல.”

“கண்ணு இருட்டுதா? நெஞ்சு படபடக்குதா?”

“இல்லியே.”

“ஒங்கப்பனுக்குக் கை கால் இழுத்துச்சா?”

“நேத்துக்கூடக் கெணத்துல குதிச்சு நீச்சலடிச்சாரே!”

“அப்பறமென்ன? திருச்சியில புள்ள பொறக்காம இருக்க ஆம்பளைக்குச் சின்ன ஆபரேசன் பண்றாங்களாம், டாக்டரம்மா சொன்னாங்க. போயிட்டு வா. அது வரைக்கும் எம்பாய் தனி.”

சின்ன ஓர்ப்படி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு மாதம் பாய் தனியாகத்தான் கிடந்தது. ஒருநாள் அப்பா, வேட்டி எடுக்கப் போவதாக ஊரில் சொல்லிக்கொண்டு, யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ் ஏறித் திருச்சிக்குப் போனார். புது வேட்டி எதுவும் இல்லாமல், காலை அகட்டி நடந்து திரும்பி வந்தார். அன்றைக்குக் கோழியடித்துக் குழம்பு வைத்தாள் அம்மா.